ஒரு படி துவரம்பருப்பு

வேண்டுதலை ரூபாய்க் கணக்கில் வைத்திருந்தால் சித்ரகலா தப்பித்திருப்பாள். பக்கத்து வீட்டு மருதாள் அப்படித்தான் செய்தாள். முழங்கால் வலி நின்றால் மாரியம்மன் உண்டியலில் வருசம் இருபது ரூபாய் என்று நேர்ந்துகொண்டாள். இருபது ரூபாய் என்றைக்கும் இருபது ரூபாய்தானே. விலைவாசி ஏற ஏற மாரியம்மனுக்குத்தான் நட்டம், மருதாளுக்கு ஒன்றுமில்லை. சித்ரகலா அளவில் நேர்ந்துகொண்டாள். அதுவும் படி அளவில்.

மூன்று வருசத்துக்கு முன்னால் திருப்பூரையே முடக்கிப் போட்டதே சிக்குன்குனியா, அந்தச் சமயம். வேலம்பாளையத்தில் வீட்டுக்கு இரண்டு பேர் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். சித்ரகலாவின் மகள் பிரியங்காவுக்கு அப்போது ஆறு வயது. காய்ச்சல் தலைக்கேறிக் கண்ணைச் செருகிவிட்டது. பெரியாஸ்பத்திரி வராந்தாவில், பாயில்லாத தரையில் முழங்கால் போட்டு அவள் ஜெபம் செய்தாள். "ஏசப்பா, என்ற புள்ளைய எந்திரிச்சு உக்கார வெச்சுரு. வருசா வருசம் அறுப்பு நோம்பிக்கு ஒரு படி துவரம்பருப்பு கொண்டாந்து உம்பட சமூகத்துல வெக்கறேன்." பருப்பு எப்படி வாயில் வந்தது என்றால், கண் செருகுவதற்கு முன்னால் அந்தப் பிள்ளை கடைசியாகக் கேட்டது அரிசியும் பருப்பும் சோறு. கொங்கு நாட்டில் வேலை முடிந்து வருகிற எந்தப் பெண்ணும் கண்ணை மூடிக்கொண்டு ஆக்கிப் போடுகிற சோறு அது. அரிசி, பருப்பு, நாலு சின்ன வெங்காயம், கொஞ்சம் நெய். வேறு யோசனையே தேவையில்லை.

பிள்ளை எழுந்து உட்கார்ந்தது. வேண்டுதல் தலைமேல் நின்றது, கடன் பத்திரம் இல்லாத கடனாக.

முதல் வருசம் சிரமமே இல்லை. இரண்டாம் வருசம் கொஞ்சம் யோசித்தாள். இந்த வருசம், அதாவது இரண்டாயிரத்து ஒன்பதில், துவரம்பருப்பு அவளை மிரட்டியது. கிலோ நூறைத் தொட்டுக்கொண்டு நின்றது. ஆத்தப்பன் கம்பெனியில் செக்கிங் டேபிளுக்கு முன்னால் நின்று, பனியனில் ஓட்டை பார்த்து, நூல் பிசிறு பார்த்து, ஒரு ஷிப்டு முழுக்கக் கால் கடுக்க நின்றால் வருகிற கூலி ஒரு படிக்கு, அதாவது ஒன்றரைக் கிலோ பருப்புக்குப் பத்தாது. அந்த ஷிப்டாவது ஒழுங்காகக் கிடைத்ததா? அமெரிக்காவில் என்னவோ பேங்க் கவிழ்ந்ததாம், இங்கே வாரத்தில் ஆறு நாள் வேலை நாலு நாளாகிவிட்டது. எங்கேயோ பேங்க் கவிழ்ந்தால் வேலை குறையட்டும், பருப்பு ஏன் ஏற வேண்டும் என்று மளிகைக் கடைக்காரரைக் கேட்டாள். "மழை இல்லீங்க அம்மிணி, பதுக்கல் வேற" என்று அவர் தராசைத் துடைத்துக்கொண்டார். ரேசனில் மலிவுப் பருப்பு போட்டார்கள், உண்மைதான். ஆனால் இவர்கள் கார்டு சேவூரில் மாமனார் பேரில் இருந்தது. அங்கே போட்ட பருப்பு அங்கேயே வெந்துபோகும்.

ஆக்கத்தான் கட்டுப்படியாகவில்லை, வாங்கித் தின்னலாம் என்று பார்த்தால் அந்தப் பக்கமும் அதே கதை. டீக்கடையில் விலையை ஏற்றாமல் டம்ளரைச் சிறுக்க வைத்தார்கள். பிறகு வெட்கத்தை விட்டு விலையையும் ஏற்றினார்கள். போண்டா எலுமிச்சங்காய் அளவுக்கு வந்தது. சனிக்கிழமை சம்பளம் வாங்கினால் புருசன் செல்வக்குமார் பரோட்டா பார்சல் வாங்கி வருவது இந்தக் குடும்பத்தின் வழக்கம். அவன் சாயப்பட்டறை வேலைக்காரன். விரல் நகத்தில் எப்போதும் ஏதாவது ஒரு கலர் இருக்கும். பார்சலைப் பிரித்தால் சால்னா பொட்டலம் இரண்டு இருந்த இடத்தில் ஒன்று. இன்னொன்று கேட்டதற்குத் தனிக் காசு என்றானாம் கடைக்காரன். அந்த வாரத்தோடு பரோட்டா நின்றது. அப்புறம் வீட்டில் ரசம். புளி ரசம், கொள்ளு ரசம், ஒன்றுமில்லாத நாளில் பச்சைப்புளி ரசம்.

"இன்னைக்கும் ரசமாம்மா?" என்று பிரியங்கா கேட்பாள். கேட்டுவிட்டுச் சாப்பிட்டுவிடுவாள். அடம் பிடிக்கிற பிள்ளை இல்லை. அடம் பிடித்திருந்தால் ஒரு அடி போட்டுவிட்டு மறந்திருக்கலாம். பேசாமல் சாப்பிட்டதைத்தான் சித்ரகலாவால் மறக்க முடியவில்லை.

சர்ச்சில் அறுப்பு நோம்பிப் பண்டிகைக்கு முந்தின நாள் சாயங்காலம் அவள் பருப்பு வாங்கி வந்தாள். அளந்துபோட மருதாளிடம் படியை இரவல் வாங்கி வந்தாள். பிரியங்கா மஞ்சள் துணிப்பைக்குள் மூக்கை விட்டு மோந்து பார்த்தாள்.

"இதுல நமக்கு ஒரு கை எடுத்துக்கலாமாம்மா?"

"நேந்துக்கிட்டது கண்ணு. கை வெக்கக் கூடாது."

"யாருக்கு நேந்துக்கிட்டே?"

"உனக்குத்தான். உனக்குக் காச்சல் வந்தப்ப."

"எனக்குன்னா எனக்கே ஆக்கிக் குடு."

இதற்குப் பெரிய போதகரே திணறுவார். சித்ரகலா படியில் பருப்பைக் கொட்டினாள். செல்வக்குமார் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஒரு ஆழாக்கு கொறச்சா ஏசப்பா அளந்தா பாக்கப் போறாரு?" என்றான்.

"அவரு அளக்க மாட்டாரு. நானு அளந்தனேங்க."

அவள் படியைக் கோபுரமாகக் குவித்தாள். வழிந்து தரையில் விழுந்த பருப்பைக்கூட ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பையில் போட்டாள். செல்வக்குமார் மெல்லச் சொன்னான், "நாளைக்குக் காணிக்கையெல்லாம் ஏலம் விடறப்ப நானே கேக்கறேன். நமக்குக் கட்டற தொகைக்குக் கெடச்சா எடுத்துக்கலாம். பணம் கிறிஸ்துமஸ்க்குள்ள கட்டுனாப் போதுமல்ல."

அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஏலத்தில் எடுத்தால் காணிக்கை காணிக்கையாகவே போய்ச் சேர்ந்துவிடும், பருப்பும் வீட்டுக்கு வரும். அப்படி நினைத்தபோது அவளுக்கே கொஞ்சம் சந்தோசமாக இருந்தது.

அறுப்பின் பண்டிகை என்று பேர்தான். அறுப்பதற்கு நிலம் வேண்டாமா? சேவூர், அவிநாசிப் பக்கமிருந்து மில்லுக்கும் கம்பெனிக்கும் வந்து சேர்ந்த சனம் அந்தச் சபை. பாதிப் பேருக்கு நிலம் எப்போதுமே இருந்ததில்லை, மீதிப் பேர் அடுத்தவர் நிலத்தில் அறுத்தவர்கள். அதனால் அவரவர் கையில் விளைந்ததைக் கொண்டு வந்தார்கள். பூசணிக்காய், தேங்காய், ஒரு சேவல் எல்லாம் உண்டு. கூடவே எக்ஸ்போர்ட்டில் தள்ளின பனியன் கட்டு, நூல் கோன், பட்டன் பாக்கெட். அவ்வளவும் ஆல்டர் பீடத்துக்கு முன்னால் அடுக்கியிருந்தார்கள். நடுவில் மஞ்சள் துணிப்பை.

ஆராதனை முடிகிற நேரத்தில் சண்டே ஸ்கூல் பிள்ளைகளை வரிசையாக மைக்குக்கு முன்னால் நிறுத்தினார்கள். ஆளுக்கொரு நன்றி சொல்ல வேண்டும். "நல்ல அப்பா அம்மாவுக்காக நன்றி." "பரீட்சையில பாஸ் ஆனதுக்காக நன்றி." டீச்சர் சொல்லிக் கொடுத்ததை எல்லாம் ஒப்பித்தன. பிரியங்காவின் முறை வந்தது. அவளுக்கும் ஏதோ ஒன்று சொல்லிக்கொடுத்துத்தான் இருந்தார்கள். மைக்கைப் பார்த்ததும் அது மறந்துபோனது. பக்கத்தில் மஞ்சள் பையைப் பார்த்தாள்.

"ஏசப்பா, எங்கூட்டுல நெம்ப நாளாப் பருப்பே வாங்கறதில்ல. நேத்து வாங்குனாங்க. வாசனையா இருந்துச்சு. அதுக்காக நன்றி."

ஆமென் என்று சொல்ல ஒருத்தருக்கும் வாய் வரவில்லை. போதகர்தான் சமாளித்து ஒரு ஆமென் சொன்னார். சித்ரகலாவுக்கு உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரைக்கும் எரிந்தது. பிள்ளை என்னவோ நன்றாகச் சொல்லிவிட்டோம் என்று சிரித்துக்கொண்டே வந்து மடியில் உட்கார்ந்தது.

ஏலம் வெளியே, சாமியானாப் பந்தலில். ஒரு மூலையில் பெண்கள் சங்கத்து ஸ்டால், பிரியாணி டோக்கன். போன வருசத்துக்கு இந்த வருசம் டோக்கன் விலை ஒன்றரை மடங்கு, கறித்துண்டு பாதி என்று பேச்சு. வாசனை மட்டும் குறையவில்லை. ஏலம் விடுகிறவர் நஞ்சப்பன். ஞானஸ்நானப் பேர் யோவான், ஆனால் அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். நல்ல வாய். அவர் ஏலம் விட்டால் பிஞ்சுப் பூசணிக்காய்கூட மாப்பிள்ளை ஆகிவிடும்.

இந்த ஏலத்துக்கு ஒரு முறை இருந்தது. கடை விலை பேச்சே கிடையாது. தேவனுக்குப் போகிற பணம், ஏற்றிக் கேட்பதுதான் மரியாதை. அதிலும் மாமன் மச்சான்கள் ஒருத்தனை ஒருத்தன் ஏற்றி மாட்டிவிடுவதுதான் வேடிக்கை. சித்ரகலாவின் அண்ணன் இளங்கோ இதில் கெட்டிக்காரன். ஓவர்லாக் டெய்லர். தங்கச்சி புருசன் எதைக் கேட்டாலும் மேலே கேட்பான். போன வருசம் இரண்டு முட்டைக்கு எண்பது ரூபாய் வரைக்கும் செல்வக்குமாரை இழுத்துவிட்டு, "எடுத்துக்க மாப்ள, அவிச்சுத் தின்னு" என்று ஒதுங்கினான். பந்தலே சிரித்து உருண்டது.

சேவல் போனது. பனியன் கட்டு போனது. நூல் கோனை ஒருத்தர் சும்மா வேடிக்கைக்கு எடுத்தார். நஞ்சப்பன் மஞ்சள் பையைத் தூக்கினார்.

"ஒரு படி துவரம்பருப்பு. குமிச்சு அளந்த படிங்க. யாரு கேக்கறீங்க?"

வாய் நல்ல வாய்தான், ஆனால் இதற்கு மேல் அந்த வாயிலிருந்து ஒரு வேடிக்கையும் வரவில்லை.

"அம்பது," என்றான் செல்வக்குமார்.

கடை விலையில் பாதிகூட இல்லை. வேறு வருசமாக இருந்தால், "ஏனப்பா, வெறும் துணிப்பைக்குக் கேக்கறயா?" என்று நாலு பக்கமிருந்தும் கிண்டல் பறந்திருக்கும். சித்ரகலா அண்ணனைப் பார்த்தாள். இளங்கோ குனிந்து தன் செருப்பு வாரைச் சரி செய்துகொண்டிருந்தான். அந்த வாருக்கு ஒரு கேடும் இல்லை.

"அம்பது ஒரு தரம்."

பின்வரிசையில் ஒருவர் இருமினார். ஒருவரும் மேலே கேட்கவில்லை. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இத்தனை பேரும் பேசி வைத்துக்கொள்ளாமலே ஒரு முடிவுக்கு வந்திருக்கிறார்கள். பாவம், அந்த வீட்டுக்கே போகட்டும், குழந்தை ஆசைப்பட்டுவிட்டது. தான் தலை நிமிர்ந்து கொண்டு வந்து வைத்த காணிக்கையைத் தனக்கே பிச்சையாகத் திருப்பிப் போடுகிறார்கள், அதுவும் ஏலம் என்ற பேரில். ஆஸ்பத்திரித் தரையில் முழங்கால் போட்டது இந்த ஐம்பது ரூபாய்க்கா?

"அம்பது ரெண்டு தரம்..."

"நூறு!"

யார் என்று எல்லோரும் திரும்பினார்கள். சித்ரகலாதான். செல்வக்குமார் வாயைப் பிளந்தான். பந்தல் வெடித்துச் சிரித்தது.

"அட, புருசன் கேட்டதுக்கு மேல பொண்டாட்டி கேக்கறாளப்பா!" நஞ்சப்பனுக்கு உயிர் வந்துவிட்டது. "செல்வக்குமாரு, ஊட்டுக்குப் போனா உனக்கு இருக்குது! நூறு ஒரு தரம்..."

"நூத்தம்பது!" என்று இளங்கோ நிமிர்ந்து உட்கார்ந்தான். அவன் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. "இருநூறு" என்றார் ஒரு பட்டறைக்காரர். "இருநூத்தி இருவது." மளமளவென்று ஏறியது. அந்த நேரத்தில்தான் காரிலிருந்து ஆத்தப்பன் இறங்கினார். சித்ரகலா வேலை பார்க்கிற கம்பெனி முதலாளி. சபைக்காரர் இல்லை, ஆனால் தன் கம்பெனியில் இருக்கிற சனம் கூப்பிடுகிறதே என்று வருசா வருசம் ஒரு மரியாதைக்கு வந்துபோவார். துண்டு போர்த்தி முன்நாற்காலியில் உட்கார வைத்தார்கள். என்ன ஏது என்று கேட்காமலே, "ஐநூறுங்க" என்றார்.

மூன்று தரம் முடிந்தது. கைதட்டினார்கள்.

சித்ரகலா மகளைப் பார்த்தாள். பார்த்திருக்கக் கூடாது. அப்பா ஐம்பது என்றபோது நாற்காலி நுனிக்கு வந்து உட்கார்ந்திருந்த பிள்ளை இப்போது பின்னால் சாய்ந்துவிட்டது. அழவில்லை. அம்மாவை ஒரு பார்வை பார்த்தது, அவ்வளவுதான். அந்தப் பார்வைக்கு முன்னால் ஐநூறும் கைதட்டலும் எங்கே போயின என்று தெரியவில்லை. அடிப்பாவி, உன் ரோசத்தைக் காப்பாற்றப் பிள்ளை வாயிலிருந்து பிடுங்கிக் கொடுத்துவிட்டாயே என்று அவளை அவளே திட்டிக்கொண்டாள்.

நஞ்சப்பன் பையை முதலாளியிடம் நீட்டினார். ஆத்தப்பன் கையை அசைத்தார்.

"எனக்கெதுக்குங்க. டாக்டரு பருப்பே தொடக்கூடாதுன்னுட்டாரு. உங்க சபையில வசதி இல்லாதவங்க யாருக்காச்சும் குடுத்துருங்க."

நல்ல மனுசன், நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். நஞ்சப்பன் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எங்கே பார்ப்பது என்று தெரியாமல் மேலே சாமியானாவைப் பார்த்தார். எல்லோரும் ஏதோ ஒன்றைப் பார்த்தார்கள், ஒரு குடும்பத்தைத் தவிர.

"நம்ம சர்ச்சு வாட்ச்மேனுக்குக் குடுத்தரலாங்க," என்று இளங்கோ அவசரமாகச் சொன்னான்.

வாட்ச்மேன் மெஸ்ஸில் சாப்பிடுகிற ஒண்டிக்கட்டை. அவரிடம் அடுப்பே கிடையாது. இளங்கோவுக்கும் அது தெரியும். தங்கச்சியின் மானம் போகாமல் இருக்க அந்த நேரத்தில் அவன் கைக்குக் கிடைத்த ஆள் அவர்தான். "ஆமாமா, அவருக்கே குடுத்துருங்க" என்று நாலு குரல் ஒத்து ஊதியது. சித்ரகலா சும்மா உட்கார்ந்திருந்தால் போதும். வேண்டுதல் நிறைவேறியாகிவிட்டது. புருசன் கேட்டதற்குப் பத்து மடங்காக ஏசப்பாவுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. இனி அந்தப் பருப்புக்கும் அவளுக்கும் நடுவில் நின்றது அவளுடைய வீறாப்பு ஒன்றுதான்.

பிரியங்காவின் கண் பையோடு போய்க்கொண்டிருந்தது.

சித்ரகலா எழுந்தாள்.

"நஞ்சப்பண்ணா, அதைய எங்கூட்டுக்குக் குடுங்க."

"அம்மிணி..." என்று அவர் இழுத்தார்.

"அவரு இல்லாதவங்களுக்குன்னு சொன்னாருங்க. நாங்கதானுங்க இல்லாதவங்க. என்ற புள்ளைக்கு அரிசியும் பருப்பும் ஆக்கி ரெண்டு மாசத்துக்கு மேல ஆச்சுங்க."

நாற்காலிகளுக்கு நடுவே நடந்து போனாள். அவ்வளவு வெட்கம் அவள் பிறந்ததிலிருந்து பட்டதில்லை. "அட, நம்ம செக்கிங்..." என்று ஆரம்பித்த ஆத்தப்பன் பாதியில் நிறுத்திவிட்டுத் தோளில் இருந்த துண்டைச் சரி செய்துகொண்டார். நஞ்சப்பன் பையைக் கொடுத்தார். அவள் இரண்டு கையையும் நீட்டி வாங்கிக்கொண்டாள்.

திரும்பி வந்து உட்கார்ந்ததும் அழுகை வந்தது. அழுதாள். செல்வக்குமார் அவள் முதுகில் கை வைத்தான். பிரியங்கா பையின் ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பக்கம் நஞ்சப்பன் தேங்காய்க்கு வந்துவிட்டார். பந்தலும் மெல்ல மெல்லப் பேச்சுக்குத் திரும்பியது.

பின்வரிசையிலிருந்து யாரோ முழங்கையைத் தொட்டார்கள். ஜெயமணி அக்கா. பாட்டுக் குழுவில் முன்னால் நின்று பாடுகிறவள், கசங்காத சேலைக்காரி, போன வருசம் ஒரே ஒரு பூசணிக்காயை முந்நூறுக்கு எடுத்தவள். அவள் நாற்காலியை முன்னால் இழுத்து, யாருக்கும் கேட்காத குரலில் கேட்டாள்.

"அம்மிணி, தப்பா நெனச்சுக்காதே. அதுல எனக்கும் ஒரு ஆழாக்கு குடுப்பயா? எங்கூட்டுலயும் பசங்க கேட்டுட்டே இருக்கறாங்க."

சித்ரகலா கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளைப் பார்த்தாள். அந்த முகத்தில் பொய் இல்லை. பையின் முடிச்சை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"முந்தானையப் புடிங்கக்கா," என்றாள்.